ஆச்சியின் கல்லறையில் ‘கேப்டன்’ என்று எழுதலாமா?

பாளையங்கோட்டைக்கு அருகிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவைப் பெற்ற ஆச்சி கடந்த ஆண்டு தம் 78ஆவது வயதில் காலமானார். 1969இல் ராணுவச் செவிலியர் சேவையில் லெப்டினன்டாகச் சேர்ந்து, 1971 போர்க் காலத்தில் ராணுவ மருத்துவமனையில் பணிசெய்து, கேப்டன் ஆனவர். 1979 மே மாதம் திருமணம். அந்த ஆகஸ்டிலேயே ராணுவத்திலிருந்து வெளியே வந்துவிட்டார். அதன்பின் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. மூன்று பிள்ளைகளையும், பிறகு ஐந்து பேரப்பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார். தாத்தா முன்பே காலமாகிவிட்டார். ராணுவத்தைப் பற்றிக் கேட்டால், “கல்யாணம் ஆச்சு, வந்துட்டேன்” என்பதற்கு மேல் ஆச்சி பேசியதில்லை.

இறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு டிரங்குப் பெட்டியைச் சாவியோடு வாசகியிடம் கொடுத்து, “நீ வச்சுக்கோ” என்றிருக்கிறார். அதில் இரண்டு பதக்கங்கள், புகைப்படங்கள், ஒரு பணிநீக்க ஆணை. ஆணையில் 1977ஆம் ஆண்டின் 61ஆம் எண் ராணுவ அறிவுறுத்தல், 11ஆம் பத்தி என்று இருக்கிறது. உட்பிரிவின் எழுத்து மங்கிப்போய்விட்டது. அதைப் படித்த பெரிய மாமா, “தப்பு ஏதோ நடந்து வெளியே அனுப்பியிருக்காங்க. இதைக் கிளறாதே. நர்ஸ் வேலைதானே பார்த்தாங்க, கல்லுல கேப்டன்னு போட்டா ஊர் சிரிக்கும்” என்கிறார், பதக்கங்கள் மூத்த மகனான தமக்கே சேரவேண்டும் என்றும் கேட்கிறார். சின்ன மாமாவோ, முதலாண்டு நினைவு ஆராதனையில் திறக்கப்போகும் கல்லில் சிங்க முத்திரை செதுக்கி, தேசியக் கொடியால் மூடி, “1971 போர்முனையில் குண்டுமழையில் நின்றவர்” என்று எழுதத் திட்டமிடுகிறார். இப்படி நீக்கப்பட்டவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 60 லட்சம் கொடுத்திருக்கிறது, வழக்குப் போடலாம் என்பதும் அவருடைய யோசனை. ஆச்சிக்காக ஒரு நினைவு மலரும் தயாரித்துவரும் வாசகி, “நான் யார் சொல்வதைக் கேட்பது?” என்று முடிக்கிறார்.

அன்புச் சகோதரி, இரண்டு மாமாக்களுமே தங்கள் அம்மாவின் பெயருக்குக் குறை வந்துவிடக் கூடாது என்றுதான் தவிக்கிறார்கள். ஒருவர் மறைத்துக் காக்கப் பார்க்கிறார், இன்னொருவர் கூட்டிச் சொல்லிக் காக்கப் பார்க்கிறார். உங்கள் ஆச்சிக்கு இரண்டுமே தேவையில்லை என்பது என் கருத்து. அவர் வாழ்ந்தது அப்படியே சொல்லத் தகுந்த வாழ்க்கை.

நர்ஸ் வேலைதானே?

பெரிய மாமாவின் முதல் எண்ணத்திலிருந்து தொடங்குகிறேன். ராணுவச் செவிலியர் சேவைக்குத் தனிச் சட்டமே உண்டு: 1943ஆம் ஆண்டின் அவசரச் சட்டம். இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இந்தச் சேவை ஒரு துணைப் படை. ஆனால் ஆயுதப் படைகளின் ஒரு பகுதியாகவே அது அமைக்கப்பட்டது. இந்தச் சேவையில் இருப்பவர்கள் அதிகாரிப் பதவி நிலையில், அரசிதழ் அறிவிப்பின் மூலம் மத்திய அரசால் நியமிக்கப்படுகிறவர்கள். லெப்டினன்ட், கேப்டன் என்பதெல்லாம் மரியாதைக்குச் சேர்த்த பட்டங்கள் அல்ல, அரசு கொடுத்த பதவிகள். 1888இல் பம்பாயில் வந்திறங்கிய பத்து பிரிட்டிஷ் செவிலியர்களிடமிருந்து தொடங்கி, 1926இல் நிரந்தர இந்தியச் சேவையாக மாறிய வரலாறு இது.

எனவே கேப்டன் என்று எழுதலாம், எழுதத்தான் வேண்டும். வெறுமனே பெயருக்கு முன்னால் ‘கேப்டன்’ என்று போடுவதைவிட, “இந்திய ராணுவச் செவிலியர் சேவையில் கேப்டனாகப் பணியாற்றியவர், 1969–1979” என்று ஆண்டுகளோடு எழுதச் சொல்வேன். படிக்கிறவருக்கு எந்தப் படை, எந்தக் காலம் என்று தெரியும். யாரும் மறுத்துப் பேச இடமிருக்காது.

‘முன்னாள் படைவீரர்’ என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். அரசு சலுகைகளுக்காக அதற்குத் தனி வரையறை இருக்கிறது. பணியிலிருந்து வெளியேறிய தேதியையும் காரணத்தையும் பொறுத்து அது மாறும். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஆணையின் நகலைக் காட்டிக் கேளுங்கள். அங்கே என்ன பதில் வந்தாலும் கல்லில் எழுதுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

அந்த 11ஆம் பத்தி

உங்கள் வீட்டை வருத்திக்கொண்டிருப்பது இந்த ஒரு வரிதான். 1977ஆம் ஆண்டின் அந்த அறிவுறுத்தல், ராணுவச் செவிலியர் சேவையில் நிரந்தர அதிகாரிகளின் பணி நிபந்தனைகளைப் பற்றியது. அதன் 11ஆம் பத்தி எந்தெந்தக் காரணங்களால் பணி முடிவுக்கு வரும் என்று மூன்று உட்பிரிவுகளில் சொல்கிறது. முதலாவது, பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவக் குழு முடிவு செய்தால். மூன்றாவது, ஒழுங்கீனம், ஒப்பந்த மீறல், பணி திருப்தியாக இல்லாமை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது: திருமணம் செய்துகொண்டால்.

ஆம், திருமணம். கல்யாணம் செய்துகொண்ட ஒரே காரணத்துக்காக ஒரு பெண் அதிகாரியை வீட்டுக்கு அனுப்பலாம் என்று விதியே இருந்தது. ஒழுங்கீனத்தையும் திருமணத்தையும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் பத்தி எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு ஆணை ஒரு தண்டனைபோலத் தெரிகிறது. இந்த விதி 1995 ஆகஸ்ட் 29ஆம் தேதிக் கடிதத்தால் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2024 பிப்ரவரி 14 அன்று, இந்திய ஒன்றியம் எதிர் முன்னாள் லெப்டினன்ட் செலினா ஜான் என்ற வழக்கில், திருமணத்தைக் காரணம் காட்டிப் பணியிலிருந்து விடுவித்தது வெளிப்படையான தன்னிச்சை என்றும், பெண்களை மட்டும் குறிவைக்கும் பாகுபாடு என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மே மாதம் திருமணம், ஆகஸ்டில் ஆணை, “கல்யாணம் ஆச்சு, வந்துட்டேன்” என்ற ஆச்சியின் சொல். மூன்றும் ஒரே திசையில் நிற்கின்றன. ஆனாலும் மங்கிய எழுத்தை நாமே ஊகித்து நிரப்பி அச்சில் ஏற்றக் கூடாது. பெரிய மாமாவின் சந்தேகம் ஊகத்தில் பிறந்தது. அதற்கு இன்னொரு ஊகத்தைப் பதிலாகக் கொடுத்தால் அவர் மனம் மாறாது. ஆவணத்தை வாங்கிக் கையில் கொடுங்கள்.

ஆவணத்தை வாங்கும் வழி

தகவல் அறியும் உரிமைச் சட்டம் ராணுவத்துக்குப் பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. விலக்கு பெற்ற அமைப்புகளின் பட்டியலில் ராணுவம் இல்லை. மத்திய அரசின் இணையவழித் தகவல் உரிமைத் தளத்திலோ, புதுடெல்லியில் உள்ள பாதுகாப்பு அமைச்சக ஒருங்கிணைந்த தலைமையகத்தின் (ராணுவம்) பொதுத் தகவல் அலுவலருக்கு அஞ்சலிலோ விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். அஞ்சலில் அனுப்பினால் இந்திய அஞ்சல் ஆணையாக இணையுங்கள்.

விண்ணப்பம் உங்கள் பெயரில் வேண்டாம். உங்கள் அம்மா உயிரோடு இருக்கும்போது சட்டப்படி வாரிசு அவர்தான், நீங்கள் அல்ல. அம்மாவின் பெயரில் எழுதி, ஆச்சியின் இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழ், உங்களிடம் உள்ள ஆணையின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். இதில் பலர் சறுக்குகிற இடம் பெயர். 1969இல் நியமனம் ஆனபோது ஆச்சி திருமணம் ஆகாதவர். ராணுவப் பதிவேட்டில் தந்தை பெயரோடு கூடிய பழைய பெயர்தான் இருக்கும். இறப்புச் சான்றிதழில் கணவர் பெயர் இருக்கும். இரண்டும் ஒருவரே என்று காட்டத் திருமணப் பதிவேட்டின் நகல் வேண்டும். ஆச்சிக்குத் திருமணம் நடந்த சேகரத்தின் (திருச்சபை வட்டாரத்தின்) அலுவலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள். பெயரைவிட நம்பகமானது அதிகாரி எண். அது ஆணையிலும், வழக்கமாகப் பதக்கத்தின் விளிம்பிலும் பொறிக்கப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்.

“முழுக் கோப்பும் வேண்டும்” என்று கேட்காதீர்கள். மறுப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். எண் போட்டுத் தனித்தனியாகக் கேளுங்கள்: நியமனத் தேதி, பதவி உயர்வுத் தேதிகள், பணியாற்றிய மருத்துவமனைகளும் காலமும், வழங்கப்பட்ட பதக்கங்கள், பணி முடிந்த தேதி, 11ஆம் பத்தியின் எந்த உட்பிரிவின்கீழ் என்ற விவரம். தனிப்பட்ட தகவல் என்று மறுத்தால், சட்டத்தின் 8(3) பிரிவைச் சுட்டி மேல்முறையீடு செய்யுங்கள். 20 ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்வுகளுக்கு, நாட்டின் பாதுகாப்பு போன்ற சில காரணங்களைத் தவிர மற்ற விலக்குகள் பொருந்தாது என்கிறது அது. பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். அதன் முடிவிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம்.

இதோடு சேர்த்து இன்னொரு வேலையும் செய்யலாம். பாதுகாப்பு அமைச்சகத்தின் அதிகாரி நியமனங்களும் பதவி உயர்வுகளும் இந்திய அரசிதழின் பகுதி 1, பிரிவு 4இல் வெளியாகின்றன. 1969–70 இதழ்களில் நியமனத்தையும், 1979–80 இதழ்களில் விடுவிப்பையும் தேடுங்கள். நடந்த தேதிக்குப் பல மாதங்கள் கழித்து அறிவிப்பு வருவது சாதாரணம், ஆகவே ஓராண்டு முன்னும் பின்னும் பாருங்கள். அரசிதழின் இணையதளத்தில் பழைய இதழ்கள் பல உண்டு. பொறுமை வேண்டும் வேலை இது. ஆனால் ஆச்சியின் பெயர் அச்சான பக்கம் கிடைத்துவிட்டால், உங்கள் நினைவு மலருக்கு அதைவிடச் சிறந்த பக்கம் கிடையாது.

60 லட்சம்?

சின்ன மாமாவிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள்: இந்த வழக்கை நான் பரிந்துரைக்கவில்லை. 60 லட்சம் ரூபாய் இழப்பீடு செலினா ஜானின் அந்த ஒரு வழக்கில், அந்த ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் 1988இல் விடுவிக்கப்பட்டவர், தாமே முன்வந்து பல ஆண்டுகள் வழக்கு நடத்தியவர். நீக்கப்பட்ட எல்லோருக்கும் பணம் என்று தீர்ப்பு சொல்லவில்லை. படையினரின் பணி வழக்குகளை விசாரிப்பது ஆயுதப் படைத் தீர்ப்பாயம். அதற்கான சட்டத்தின் 22ஆம் பிரிவு கடுமையான காலவரம்பு வைத்திருக்கிறது. இறுதி ஆணையிலிருந்து ஆறு மாதம். பழைய குறைகள் என்றால், தீர்ப்பாயம் அமைவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் எழுந்தவை மட்டும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்றாலும், 1979ஆம் ஆண்டு ஆணையை, அதை ஒருமுறைகூட எதிர்க்காதவர் இறந்தபின், வாரிசுகள் எதிர்ப்பதற்கு நியாயமான காரணம் காட்டுவது மிகக் கடினம். சென்னையில் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது, எதற்கும் ஒரு வழக்கறிஞரிடம் ஆவணங்களைக் காட்டிக் கருத்துக் கேட்பதில் தவறில்லை. “நிச்சயம் கிடைக்கும்” என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

குடும்ப ஓய்வூதியமும் கிடையாது. அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாக 20 ஆண்டுப் பணி வேண்டும். ஆச்சிக்கு இருந்தது ஏறத்தாழ பத்து.

பெட்டி யாருக்கு?

உங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாத நிலையில், கணவரும் இல்லாததால், ஆச்சியின் சொத்து மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். மூத்த மகன் என்பதற்குத் தனி உரிமை எதுவும் சட்டத்தில் இல்லை.

ராணுவத்தில் இருந்தவர் வாயால் சொன்னாலே உயில் ஆகிவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. போரில் ஈடுபட்டிருக்கும் படையினருக்கு அப்படி ஒரு சலுகை அந்தச் சட்டத்தில் உண்டு. ஆனால் அந்த நிலை முடிந்து ஒரு மாதம் உயிரோடு இருந்தாலே வாய்மொழி உயில் செல்லாது. ஓய்வில் வீட்டிலிருந்தபடி சொன்னதற்கு அது பொருந்தவே பொருந்தாது.

உங்களுக்குத் துணை நிற்பது வேறொன்று. அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் தேவையில்லை, விருப்பத்தோடு கையில் கொடுத்தாலே போதும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. ஆச்சி உயிரோடு இருந்தபோதே பெட்டியையும் சாவியையும் உங்களிடம் கொடுத்து, மூன்று ஆண்டுகள் அது உங்களிடமே இருந்திருக்கிறது. அப்படியானால் அது ஆச்சி விட்டுச்சென்ற சொத்தில் சேராது. பத்திரமாக வைத்திருக்க மட்டுமே கொடுத்தார் என்று பெரிய மாமா வாதிடலாம். அப்போது அருகில் இருந்தவர்கள் யார், என்ன சொன்னார் என்பதை இப்போதே தேதியோடு எழுதி வையுங்கள்.

உரிமை உங்கள் பக்கம் என்பதற்காக அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்க வேண்டாம். பதக்கங்கள் என்னிடம் இருக்கும், இரண்டு பக்கமும் விளிம்பும் படமெடுத்துச் சட்டமிட்டு மூன்று வீட்டுக்கும் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கேட்டது பதக்கமாக இருந்தாலும், தம்மை விட்டுவிட்டு பேத்தியிடம் கொடுத்துவிட்டாரே என்ற வருத்தம் அவருக்குள் இருக்கக்கூடும்.

பதக்கங்களுக்குப் பாலிஷ் போடாதீர்கள். விளிம்பில் உள்ள எழுத்து தேய்ந்துவிடும். வெறுங்கையால் தொட்டால் வியர்வை கறை பிடிக்கும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ரிப்பன் வெயிலில் வெளுக்கும்.

கல்லும் கொடியும்

இங்கே சின்ன மாமாவைத் தடுத்தே ஆகவேண்டும். தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971இன்படி, சிலையையோ நினைவுச் சின்னத்தையோ தேசியக் கொடியால் மூடுவது குற்றம். அரசு மரியாதை இறுதிச் சடங்கு, படையினர் இறுதிச் சடங்கு தவிர வேறெங்கும் கொடியைப் போர்த்துவதும் அப்படியே. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கல்லை வெள்ளைத் துணியால் மூடித் திறவுங்கள். கொடி வேண்டும் என்றால் வீட்டில் கம்பத்தில் முறைப்படி ஏற்றுங்கள். அதற்கு ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு.

சிங்க முத்திரையும் வேண்டாம். அது அரசின் சின்னம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். ராணுவ முத்திரையிலும் அதே சிங்கங்கள் இருக்கின்றன. ஒரு விளக்கைச் செதுக்கினால் போதும், செவிலியர் என்று தானே விளங்கும். கல்லின் அளவுக்கும் வாசகத்துக்கும் சேகரக் கமிட்டியின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

“குண்டுமழையில் நின்றவர்” என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பவை சங்ராம் பதக்கமும், சுதந்திர 25ஆம் ஆண்டுப் பதக்கமும். முன்னது 1971 போரை ஒட்டிய காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குப் பரவலாக வழங்கப்பட்டது. பின்னது 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கானது. கிழக்குப் போர்முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்குக்குப் பஸ்சிமி ஸ்டார் என்று தனி நட்சத்திரப் பதக்கங்கள் உண்டு. அவை பெட்டியில் இல்லை. தொலைந்தும் போயிருக்கலாம், பதிவேடு வந்தால் தெரியும். அதுவரை “1971 போர்க் காலத்தில் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றியவர்” என்று எழுதுங்கள். காயம்பட்டு வந்தவர்களுக்கு இரவும் பகலும் கட்டுப்போட்ட வேலை அது. போர்முனையைக் கடன் வாங்கி அதைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

விடுவிக்கப்பட்ட காரணத்தைக் கல்லில் எழுதச் சொல்லமாட்டேன். கல்லுக்கு ஆண்டுகள் போதும். ஆவணம் வந்து உறுதியானால், நினைவு மலரில் மட்டும் அதை நேராக எழுதுங்கள்: திருமணம் ஆனதால், அன்றிருந்த விதியின்படி விடுவிக்கப்பட்டார், அந்த விதி பின்னர் நீக்கப்பட்டது. அவர் பேசாத ஒன்றை நாம் பேசலாமா என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. மறைக்க நினைத்திருந்தால் அந்த ஆணையைக் கிழித்துப் போட்டிருப்பார். பெட்டியில் வைத்து, சாவியோடு உங்களிடம் கொடுத்திருக்கிறார்.

மலரின் மற்றப் பக்கங்களை உங்கள் கடிதமே நிரப்பும். போர்வையின் மூலையை மருத்துவமனைக் கட்டில்போல் மடித்துச் செருகக் கற்றுக்கொடுத்தது, பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் நான்கு மணிக்கொருமுறை சூடு பார்த்து நோட்டில் குறித்தது, சொந்தப் பணத்தில் உங்கள் அம்மாவைப் படிக்கவைத்தது. இவற்றைத் தேதி, இடம், பெயரோடு எழுதுங்கள். அந்தக் காய்ச்சல் நோட்டுகள் இருந்தால் ஒரு பக்கத்தைப் படமெடுத்துச் சேருங்கள். புகைப்படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஊரும் ஆண்டும் அங்கேதான் எழுதியிருக்கும். மிஷன் ஆஸ்பத்திரியில் உடன் வேலைபார்த்தவர்கள் இருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள், அவர்களுக்கும் வயதாகிறது.

கல் வெட்டுகிறவரிடம் வாசகத்தை இப்போதே கொடுத்துவிடாதீர்கள். தகவல் உரிமைப் பதில் வரும்வரை பெயர், பிறப்பு, இறப்பு வரிகளை மட்டும் வெட்டச் சொல்லிப் பணி வரிக்கு இடம் விடச் சொல்லுங்கள். நினைவு நாளுக்குள் பதில் வராவிட்டாலும் ஆராதனையைத் தள்ளிவைக்க வேண்டாம், அந்த வரியைப் பிறகு சேர்க்கலாம். பதில் வந்ததும் முதல் நகலைப் பெரிய மாமாவிடம் கொடுங்கள், நீங்கள் விளக்கம் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவர் தனியாக உட்கார்ந்து படிக்கட்டும்.